டெல்டா ஊர்களில் அறுந்துபோன பசுமைத் தொடரைக் கோப்பது எப்படி? ஒரு வாய்க்காலில் தொடங்கும் வழிகாட்டி

கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. தஞ்சாவூருக்கு வடக்கு ஓரத்தில் வடவாறு, பெரிய கோயிலை ஒட்டிக் கல்லணைக் கால்வாய் என்கிற புதாறு. மன்னார்குடிக்குப் பாமணியாறு, திருவாரூருக்கு ஓடம்போக்கி. மாயவரத்தில் காவிரி ஊருக்கு நடுவிலேயே ஓடுகிறது. இந்த ஆறுகளிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், அவை நிரப்பிய குளங்கள், குளத்தை ஒட்டிய நந்தவனங்கள், தோப்புகள், சுடுகாட்டு மரங்கள் எல்லாவற்றையும் ஒரு படத்தில் பச்சையாகத் தீட்டிப் பாருங்கள். வேறு நகரங்கள் கோடி கோடியாகச் செலவழித்து உண்டாக்கப் பார்க்கும் பசுமை வழித்தடம் நமக்கு எப்போதோ போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. இப்போது அது துண்டுதுண்டாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நம் ஊரில் செய்ய வேண்டியது புதுக் காடு வளர்ப்பதை விட, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கோப்பது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அரை ஏக்கரில் நெருக்கமாக நட்ட குறுங்காடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சுற்றிலும் தார்ச்சாலையும் கடைகளும் இருந்தால் அங்கே வந்த ஓணானும் தவளையும் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். அதே அளவு மரத்தை ஒரு வாய்க்கால் கரையில் விட்டுப்போன இடத்தில் வைத்தால் அணில், குக்குறுவான், பழந்தின்னி வௌவால், கீரி எல்லாம் குளத்திலிருந்து ஆற்றுக்குப் போய்வர வழி கிடைக்கும். விதைகளைக் கொண்டுபோய்ப் போடுவது இவைதான் என்பதால், கோத்துவிட்ட தொடர் ஓரளவு தானாகவே அடர்ந்துகொள்ளும்.

1. ஒரே ஒரு வாய்க்காலை எடுத்துக்கொள்ளுங்கள்

ஊர் முழுக்கச் செய்கிறேன் என்று கிளம்பினால் மூன்றாவது கூட்டத்தோடு நின்றுபோகும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் தலைப்பிலிருந்து, அது முடியும் கடைமடை வரை, அல்லது ஒரு குளத்திலிருந்து ஆறு வரை, காலையில் ஒரு நடையில் முடிக்கக்கூடிய நீளத்தை எடுங்கள். இரண்டு முனையிலும் ஏற்கெனவே நல்ல மரக்கூட்டம் இருப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கோயில் நந்தவனம், பழைய கல்லூரி வளாகம், ஆற்றுப் படுகை எதுவானாலும் சரி. கும்பகோணம் அரசு ஆடவர் கல்லூரி காவிரிக் கரையிலேயே இருக்கிறது. அந்த மாதிரி ஒரு முனை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அது பாசன வாய்க்காலா, வடிகாலா என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பாசன வாய்க்காலில் மேட்டூர் அணை திறந்திருக்கும் மாதங்களில் மட்டும் தண்ணீர் ஓடும். வடிகாலில் வயலிலிருந்தும் ஊரிலிருந்தும் இறங்கும் நீர் அதற்குப் பிறகும் சில காலம் தங்கும். கொக்கும் மீன்கொத்தியும் கோடையில் ஒதுங்குவது பெரும்பாலும் வடிகால் பக்கம்தான். ஊர்க்காரர்கள் வடிகாலைச் சாக்கடை என்று தள்ளிவிடுவார்கள், ஆனால் பல ஊர்களில் மிச்சமிருக்கும் ஒரே தொடர் அதுதான்.

2. தண்ணீர் இல்லாத மாதத்தில் நடந்து பாருங்கள்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது. ஆகவே மாசி, பங்குனியில் வாய்க்கால் காய்ந்திருக்கும். கரையில் நடக்காமல் உள்ளே இறங்கி நடங்கள். கரையில் நடந்தால் மரம்தான் தெரியும். உள்ளே நடந்தால் எங்கே அடைத்திருக்கிறார்கள், எங்கே வீட்டுக் கழிவுநீர்க் குழாய் இறங்குகிறது, எந்தப் பாலத்துக்கு அடியில் மூன்றடிக் குழாயை மட்டும் வைத்துவிட்டு மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும்.

ஒரு நோட்டும் செல்போனும் போதும். அறுந்த இடங்களை மூன்று வகையாகக் குறியுங்கள்.

மரம் மட்டும் இல்லாத இடம்: கரை இருக்கிறது, நிழல் இல்லை. இதுதான் எளிதில் சரியாகக்கூடியது.

கரையே இல்லாத இடம்: கடை, சுற்றுச்சுவர், சிமென்ட் தளம், வாகன நிறுத்தம் வாய்க்கால் விளிம்பு வரை வந்துவிட்டது. இதற்குக் காகிதம் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

வாய்க்காலே இல்லாத இடம்: மூடிப் போட்டுச் சாலையாக்கிவிட்டார்கள். இங்கே பழைய வாய்க்காலை மீட்கப் போராடுவதா, பக்கத்துத் தெரு மரங்களை வைத்துச் சுற்றி ஒரு வழி கோப்பதா என்று யோசிக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும். தெருவின் இரண்டு பக்க மரங்களின் கிளைகளும் மேலே தொட்டுக்கொண்டால் அணிலுக்கும் மரநாய்க்கும் அதுவே பாலம்.

நடக்கும்போது வயதான ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். "இங்க ஒரு இலுப்பத் தோப்பு இருந்துச்சு தம்பி, இந்தக் குளத்துக்கு அந்த வழியாத்தான் தண்ணி வரும்" என்று அவர் சொல்வது எந்த வரைபடத்திலும் இருக்காது. நீர்வளத்துறையில் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் ஓய்வுபெற்று ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. எந்த மதகு எங்கே புதைந்திருக்கிறது என்பதை அவர் கைகாட்டிச் சொல்லிவிடுவார்.

தஞ்சாவூரில் சேவப்ப நாயக்கன் ஏரியிலிருந்து நிலத்தடிக் குழாய் வழியாகச் சிவகங்கைக் குளத்துக்குத் தண்ணீர் வந்த ஏற்பாடு ஒன்று இருந்தது. இந்த மாதிரி இணைப்புகள் கண்ணுக்கே தெரியாது. குளம் ஏன் வறண்டது, கரையில் மரம் ஏன் பட்டுப்போனது என்ற கேள்விக்கு விடை பல சமயம் அடியில்தான் கிடக்கிறது.

3. காகித வேலை

சலிப்பான பகுதி. ஆனால் இதைத் தாண்டிப் போய்ச் செடி நட்டவர்களின் செடிகள்தான் முதலில் பிடுங்கப்படுகின்றன.

தேவையானவை: கிராம வரைபடம், அந்தச் சர்வே எண்ணின் புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் படம்), அ-பதிவேட்டு நகல் (நிலம் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவு). நகர நில அளவை முடிந்த பகுதியாக இருந்தால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் கேட்பார்கள். புலப்படத்தையும் அ-பதிவேட்டு விவரத்தையும் தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைப் பக்கத்திலேயே பார்க்கலாம். வாய்க்கால் புறம்போக்கின் அகலம் புலப்படத்தில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளந்தால் எத்தனை அடி காணாமல் போயிருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் அளப்பது உங்கள் புரிதலுக்குத்தான். சண்டைக்குப் போக வேண்டுமானால் அரசு சர்வேயர் அளக்க வேண்டும்.

அடுத்து, யாருடைய இடம் என்பது. இங்கேதான் பலரும் சுற்றி அலைகிறார்கள். ஆறும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத்துறை. கோயில் குளமும் நந்தவனமும் அறநிலையத்துறை. அங்கே செயல் அலுவலரைப் பார்க்க வேண்டும். சில இடங்கள் ஆதீனங்களுக்குச் சொந்தம். ஊருக்குள் இருக்கும் சிறு குளங்கள், பூங்காக்கள், தெருவோரம் எல்லாம் நகராட்சி அல்லது மாநகராட்சி. சாலையோர மரங்கள் நெடுஞ்சாலைத்துறை. ஒரே வாய்க்கால் ஒரு கிலோமீட்டருக்குள் நான்கு பேர் கையில் மாறும். ஒரு தாளில் கோடு போட்டு, எந்தத் துண்டு யாருடையது என்று எழுதி வையுங்கள். அதன் பிறகு "அது எங்களோடது இல்லீங்க" என்று யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

தகவல் வராத இடத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு, 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள். "இந்தச் சர்வே எண்ணில் உள்ள வாய்க்காலின் பதிவேட்டு அகலம் என்ன? கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது?" என்று கேட்டால் பதில் வரும். "ஏன் ஆக்கிரமிப்பை அகற்றவில்லை?" என்று கேட்டால் வராது.

ஆக்கிரமிப்புக்கு மனுக் கொடுப்பதானால், ஏரி குளங்களுக்கு 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். மற்ற அரசுப் புறம்போக்குக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னதையும் மனுவில் ஒரு வரி சேர்க்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியும், அதாவது நிலக் கணக்குச் சரிபார்ப்பும், நல்ல இடம். அந்த நாளில் கணக்குப் புத்தகங்கள் மேசை மேலேயே இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். கரையில் குடிசை போட்டிருப்பவர்களை முதல் குறியாக வைக்காதீர்கள். பெரும்பாலும் வாய்க்காலை நெரிப்பது வணிகக் கட்டடமும் கட்டடக் கழிவும்தான். குடிசைக்காரர்கள் உங்கள் பக்கம் இருந்தால் கோடையில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் கிடைக்கும். அவர்களை எதிரியாக்கினால் ஒரு செடியும் தங்காது.

4. இருக்கும் மரத்தை முதலில் காப்பாற்றுங்கள்

நூறு கன்றுகளை விட ஒரு முதிர்ந்த நீர்மருது பெரிது. பொந்து இருக்கிறது, நிழல் இருக்கிறது, கரையைப் பிடித்திருக்கும் வேர் இருக்கிறது. உங்கள் தொடரில் இருக்கும் பெரிய மரங்களுக்கு ஒரு பட்டியல் போட்டு, படம் எடுத்து, துறை அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். பதிவில் இருக்கும் மரத்தை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டுவது கொஞ்சம் கடினம்.

அரசு நிலத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். யாராவது அரிவாளோடு நின்றால் அனுமதித் தாளைக் கேளுங்கள். பனையை வெட்டுவதற்கும் ஆட்சியர் அனுமதி தேவை என்று 2021-இலேயே அரசு அறிவித்துவிட்டது.

மின்கம்பி விஷயம் தனி. மழைக்கு முன்னால் மின்வாரியம் கிளை வெட்டுவது அவசியம்தான். ஆனால் ஒரு பக்கக் கிளையை மட்டும் மொட்டையடித்தால் மரம் சாயும். வெட்டும் நாளை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு கூடவே நின்றால், எந்தக் கிளையை எடுப்பது என்று பேசித் தீர்க்கலாம்.

5. அறுந்த இடத்தில் என்ன நடுவது

சுற்றியிருக்கும் கோயில்களின் தலமரங்களைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். திருவிடைமருதூரில் மருது, திருப்புகலூரில் புன்னை. இந்த மண்ணில் நூற்றாண்டுகளாக எது நின்றது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

தண்ணீர் விளிம்புக்கு நீர்மருது, நீர்க்கடம்பு, மாவிலங்கம், நாவல். இவை கால் நனைந்தாலும் தாங்கும். மாவிலங்க இலையைச் சில பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் விரும்பித் தின்னும். இலை ஓட்டையாக இருக்கிறதே என்று மருந்தடித்துவிடாதீர்கள். கரை மேட்டுக்கு இலுப்பை, புங்கன், வேம்பு, பூவரசு, நுணா. இலுப்பை பூக்கும் பங்குனி, சித்திரையில் வௌவால்கள் கூட்டமாக வரும். விளக்குக்கு எண்ணெய் தந்த மரம் என்பதால் டெல்டாவில் ஒரு காலத்தில் தோப்பு தோப்பாக வைத்திருந்தார்கள். இன்றைக்குக் கன்று கேட்டால் பல நர்சரிகளில் கையை விரிக்கிறார்கள். வைகாசி, ஆனியில் பழம் விழும்போது விதை பொறுக்கி உடனே ஊன்றிவிட வேண்டும். வைத்திருந்தால் முளைப்புத் திறன் போய்விடும்.

இடம் தாராளமாக இருந்தால் மட்டும் ஆலும் அரசும் அத்தியும். பழந்தின்னிப் பறவைகளுக்கு இவற்றைப் போல் வேறில்லை. ஆனால் மதகுக்கும் பாலத்துக்கும் படித்துறைக்கும் பக்கத்தில் வைத்தால் வேர் கட்டுமானத்தைப் பிளந்துவிடும், பழி மரத்தின் மேல் விழும். மின்கம்பிக்கு அடியில் நொச்சி, பவழமல்லி, செம்பருத்தி, அகத்தி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றுக்குப் புன்னை, பூவரசு, பனை, தாழை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது தென்னை சாய்ந்த அளவுக்குப் பனை சாயவில்லை என்பதைப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே வகை மரத்தை வரிசையாக வைக்காதீர்கள் என்பதற்கு அந்த ஒரு ராத்திரி போதும்.

கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு அலங்கார மரம் வேண்டாம். வேகமாகப் பச்சையாகிவிடும், படத்துக்கும் நன்றாக இருக்கும், நம் பறவைக்கும் பூச்சிக்கும் பெரிதாக எதுவும் தராது.

மரம் மட்டும் போதாது. அடியில் புதர் வேண்டும். ஆடாதொடை, நொச்சி, இலந்தை, நாணல் எல்லாவற்றையும் "சுத்தம்" என்ற பேரில் வழித்துவிட்டால் கீரிக்கும் செம்போத்துக்கும் ஒளிய இடம் இல்லை. கரையின் ஒரு பக்கமாவது இரண்டு மூன்றடி அகலத்துக்குப் புதரை விட்டுவையுங்கள்.

எப்போது நடுவது? ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நடுகிறார்கள். டெல்டாவில் அதைப்போல் மோசமான நாள் இல்லை. மண் கத்திரி வெயிலில் வெந்து கிடக்கும், வாய்க்காலில் தண்ணீர் இருக்காது, பல இடங்களில் தூர்வாரும் பொக்லைன் இன்னும் வேலையில் இருக்கும். ஆடி பதினெட்டுக்குப் பிறகு, வாய்க்கால் நீர் கரையில் ஊறியிருக்கும்போது தொடங்கிப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குள் வேர் பிடித்திருக்கும். தாழ்ந்த இடமாக இருந்தால் குழியின் மேல் மண்ணைக் குவித்து மேட்டில் நடுங்கள், இல்லாவிட்டால் கன்று அழுகிவிடும். ஆள் உயரக் கன்றாக வாங்குங்கள். சின்னக் கன்றுக்கு ஆடு காத்திருக்கிறது. இரும்புக் கூண்டு திருட்டுப் போகும், சீமைக்கருவை முள் போகாது.

6. தூர்வாரும் மெஷினோடு ஒரு ஒப்பந்தம்

கரையோரச் செடிகள் சாவதற்கு ஆட்டுக்கு அடுத்த காரணம் இதுதான், ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சித்திரை, வைகாசியில் தூர்வார வரும் மெஷின் ஏதாவது ஒரு கரையில் ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டு கரையிலும் நெருக்கமாக நட்டிருந்தால் அது நசுக்கிக்கொண்டு போகும், டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே நடுவதற்கு முன்பே நீர்வளத்துறையின் பாசனப் பிரிவு உதவிப் பொறியாளரிடம் பேசி, எந்தக் கரை மெஷினுக்கு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மெஷின் கரையில் புல்லும் வெட்டிவேரும் இருக்கட்டும். எதிர்க் கரையில் மரம், புதர். முடிந்தால் தெற்கு அல்லது மேற்குக் கரையில் மரம் இருக்கும்படி பாருங்கள். மதிய வெயிலில் நிழல் தண்ணீர் மேல் விழும். வாரிய சேற்றை மரத்தடியில் குவிக்க விடாதீர்கள். அடிமரம் மண்ணில் புதைந்தால் சில வகை மரங்கள் மெதுவாகப் பட்டுப்போகும்.

வெங்காயத் தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வாரும்போது கவனம். காட்டாமணக்கின் வெட்டிய தண்டு தண்ணீரில் போனால் அடுத்த ஊரில் முளைக்கும். தண்ணீர் வருவதற்கு முன் வேரோடு பிடுங்கி, கரையில் நன்றாகக் காய விட வேண்டும்.

7. கான்கிரீட் வரும்போது

அழகுபடுத்தும் திட்டம் என்று ஒன்று ஒருநாள் வந்தே தீரும். இரண்டு பக்கமும் செங்குத்தான சுவர், அடியில் தளம், மேலே நடைபாதை, வண்ண விளக்கு. தண்ணீர் விரைவாகக் கடைமடைக்குப் போகும் என்பது அவர்கள் வாதம், அதில் நியாயமும் உண்டு. கடைமடை விவசாயியைப் பகைத்துக்கொண்டு நகரத்தில் எந்தப் பசுமையும் நிற்காது. ஆனால் விழுந்த தவளையும் ஆமையும் ஏற முடியாத வாய்க்கால் அது; நீரும் நிலத்துக்குள் இறங்காது.

திட்டத்தை நிறுத்தச் சொல்வதை விட மாற்றச் சொல்வது பலிக்கும். நான்கு கோரிக்கைகள் போதும். அடித்தளம் மண்ணாகவே இருக்கட்டும். சுவர் தேவையான இடத்தில் சாய்வான கற்பதிப்பாக இருக்கட்டும். செங்குத்துச் சுவர்தான் என்றால் இடையிடையே சொரசொரப்பான சாய்தளம் வையுங்கள். இருக்கும் மரத்தைச் சுற்றி வளைத்துக் கட்டுங்கள். விளக்கு வேண்டுமானால் நடைபாதையை மட்டும் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கட்டும், மரத்துக்குள் அடிக்க வேண்டாம். ஒப்பந்தப்புள்ளி விடுவதற்கு முன் சொன்னால் கேட்பார்கள். வேலை ஆரம்பித்த பிறகு சொன்னால் "எஸ்டிமேட்ல இல்ல சார்" என்ற பதில்தான்.

8. புது மனைப்பிரிவுகள்

ஊர் விளிம்பில் வயல் மனையாகும்போதுதான் தொடர் புதிதாக அறுகிறது. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 விழுக்காட்டைப் பொது ஒதுக்கீட்டு இடமாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். வழக்கமாக யாருக்கும் வேண்டாத மூலையை ஒதுக்குவார்கள். அதை வாய்க்காலை ஒட்டி ஒதுக்கச் சொல்லி, அனுமதிக்கு முன்பே உள்ளாட்சியிலும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். மனை போடுபவருக்கும் இதில் நட்டமில்லை, வாய்க்காலோர மனை எப்படியும் மெதுவாகத்தான் விற்கும். அடுத்தடுத்த மனைப்பிரிவுகளும் இப்படி ஒதுக்கினால் கரை முழுக்கத் தானாகவே ஒரு பட்டையாகிவிடும். இந்த வழிகாட்டியில் செலவே இல்லாத படி இதுதான், மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான்.

9. "பாம்பு வரும்" என்பவர்களுக்கு

வரும். சாரைப்பாம்பு கட்டாயம் வரும், எலி இருக்கிற வரைக்கும். பயத்தைக் கேலி செய்யாமல் ஏற்பாடு செய்யுங்கள்: வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தூரத்துக்குப் புதர் வேண்டாம், அங்கே வெட்டிய புல் மட்டும். குப்பையும் கட்டடக் கழிவும் கரையில் சேராமல் பார்த்துக்கொண்டால் எலி குறையும். ராத்திரி நடக்கும் பாதை தெளிவாக இருந்தால் பெண்களும் எதிர்க்க மாட்டார்கள். பாம்பு வீட்டுக்குள் வந்தால் அழைக்கத் தீயணைப்புத் துறை, வனத்துறை எண்களை வார்டில் எல்லார் வீட்டிலும் எழுதி ஒட்டுங்கள்.

10. முதல் கோடை

நட்ட கன்று பிழைக்குமா என்பது அடுத்த மாசியிலிருந்து வைகாசி வரை தெரிந்துவிடும். மழை நின்றிருக்கும், மேட்டூர் மூடியிருக்கும், போட்டோ எடுத்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் இருக்க மாட்டார்கள். ஆகவே எத்தனை கன்றுக்குக் கோடையில் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனையை மட்டும் நடுங்கள். கன்றுக்கு ஒரு வீடு என்று பிரித்துக் கொடுப்பதை விட, கூலி கொடுத்து ஒருவரை வைப்பது நம்பகமானது. வசூலில் பெரும்பகுதியைக் கன்று வாங்கச் செலவழிக்காமல் இதற்கு ஒதுக்கி வையுங்கள். வைக்கோல் அல்லது காய்ந்த தென்னை மட்டையால் குழியை மூடினால் ஈரம் நிற்கும்.

இரண்டாவது கோடைக்கும் கொஞ்சம் வேண்டும். மூன்றாவதில் பெரும்பாலானவை தானே பார்த்துக்கொள்ளும். பட்டுப்போனதை அந்த ஆண்டுப் புரட்டாசிக்குள் மாற்றிவிடுங்கள், இடைவெளி விழுந்தால் அங்கே முதலில் குப்பை வரும், அப்புறம் ஒரு தட்டி வரும், அதற்கடுத்து ஒரு கடை வரும். பழைய நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பங்குனியிலும் அதே வாய்க்காலில் இறங்கி நடந்து, அறுந்த இடங்களின் பட்டியலில் எது குறைந்தது, எது புதிதாகச் சேர்ந்தது என்று குறித்து, ஒரு நகலைப் பொறியாளர் அலுவலகத்திலும் இன்னொன்றை வார்டு உறுப்பினரிடமும் கொடுத்துவிடுங்கள்.